சாவு மேளம் வெட்டிய வளைகாப்பு

ரமாபாய் தன் கம்ப்யூட்டரை முடுக்கினால் மணலி புதுநகர் முழுக்க லைட்டெல்லாம் ஒரு தரம் கண்ணைச் சிமிட்டும். அதன் காற்றாடி போடும் இரைச்சலைக் கேட்டு, துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்த கப்பல் ஒன்று தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று திரும்ப ஊதியதாக ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே ரமாபாய்தான். டெலிபோன் ஆபீசில் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள், முதல் வேலையாக அந்தக் கம்ப்யூட்டரை வாங்கி, ஹாலில் புத்தர் படத்துக்குக் கீழே நிறுத்தினாள். புத்தர் கண்ணை மூடியே இருப்பதற்கு இப்போது ஒரு காரணம் கிடைத்துவிட்டது என்று அவள் தம்பி பாரி சொல்லுவான்.

ஊரில் எல்லார் வீட்டிலும் கேமரா வந்துவிட்ட காலம் அது. அவரவர் வீட்டு விசேஷத்தை அவரவரே எடுத்து டிவிடியில் பதிந்துகொள்வார்கள். பாதிப் படத்துக்கு எடுத்தவரின் கட்டை விரல்தான் கதாநாயகன். மீதிப் பாதியில், அணைக்க மறந்துபோன கேமரா தரையைப் பார்த்துக்கொண்டே பந்திக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுக் கையும் கழுவிக்கொண்டு திரும்பும். அந்த டிவிடிகளையெல்லாம் ரமாபாயிடம் கொண்டுவந்து கொட்டுவார்கள். அவள் வெட்டி ஒட்டி மனுஷர் பார்க்கும்படி ஆக்கிக் கொடுப்பாள். வேலை சுலபமில்லை. படம் ஒரு தண்டவாளம், சத்தம் இன்னொரு தண்டவாளம். ஒன்றில் வெட்டினால் மற்றதிலும் அதே அளவு வெட்ட வேண்டும். சத்தத்தை மட்டும் எடுத்தால், எடுத்த இடத்தில் அதே நீளத்துக்கு மௌனத்தை வைத்து அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அங்கிருந்து சத்தமெல்லாம் நகர்ந்து முன்னால் வந்துவிடும். மாமியார் வாயைத் திறப்பதற்குள் திட்டு வந்து விழும், மருமகள் அதற்கும் முன்னாலேயே அழுது முடித்திருப்பாள்.

இதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்தும்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரமாபாய் ஊரில் இல்லை, புளியந்தோப்பில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். அப்போதுதான் ஊரை ஒட்டியிருந்த கம்பெனியின் அம்மோனியாத் தொட்டியிலிருந்து வெள்ளையாக ஒரு புகை கிளம்பி, மதிலைத் தாண்டி, அவசரமே இல்லாமல் தெருத்தெருவாக இறங்கியது. பட்டவர்களுக்குக் கண் எரிந்தது, தொண்டை அடைத்தது. வேப்பமரத்துக் காக்கைகள் பழம் உதிர்கிற மாதிரி உதிர்ந்தன. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார இடமில்லை. உயிர்ச்சேதம் இல்லை என்று மறுநாள் கம்பெனி அறிவித்தது. இன்னும் இல்லை என்று ஊர் அதைத் திருத்திச் சொல்லிக்கொண்டது.

அந்தக் கம்பெனியின் சைரன் ரூமில் அன்றைக்கு டூட்டியில் இருந்தவன் பாரி. ஜன்னலே இல்லாத அறை. தொட்டிப் பக்கமிருந்து போன் வந்தால் பொத்தானை அழுத்த வேண்டியதுதான் அவன் வேலை. போன் வந்தது, அழுத்தினான். ஆனால் ஊர் கம்பெனி வாசலுக்குத் திரண்டு வந்ததும், நிர்வாகம் பழியைத் தூக்கிக் கைக்கெட்டிய முதல் தலையில் வைத்தது. புகை ஊருக்குள் போன பிறகுதான் சைரன் ஊதியது, ஆபரேட்டர் தூங்கியிருக்கிறான் என்று சொல்லி, பாரியைச் சஸ்பெண்ட் செய்து விசாரணையும் வைத்தார்கள்.

"நான் தூங்கல யக்கா. போன் அடிச்ச கையோட அமுக்கினேன். ஆனா வெளியில பொக எப்ப வந்துச்சுன்னு எனக்கு இன்னா தெரியும்? அந்த ரூம்ல குந்திகினு இருந்தா மழ பேஞ்சாக்கூடத் தெரியாது."

அன்றைக்கு அதே நேரத்தில் அண்ணாச்சிக் கடை ராசையா வீட்டு மொட்டைமாடியில் மருமகள் ராமசெல்விக்கு வளைகாப்பு நடந்துகொண்டிருந்தது. ராசையாவே கேமராவில் எடுத்திருந்தார். அந்த டிவிடியைப் புடவைத் தலைப்பில் சுற்றி எடுத்துக்கொண்டு அவர் மனைவி ஜெயக்கொடி வந்தாள். நாற்காலி சாமான் போடுவதற்கு என்று முடிவு செய்து, வெட்டுகிறவரை ரமாபாயின் தோளுக்குப் பின்னாலேயே நின்றாள்.

படத்தில் ஜெயக்கொடி மருமகள் கையில் முதல் வளையலை ஏற்றுகிறாள். சரியாக அந்த நேரத்துக்குக் கீழே தெருவில் சாவு மேளம் கிளம்பி அதிர்கிறது. பக்கத்துத் தெரு துரை இறந்துபோய், அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வடசென்னைச் சாவு மேளம் சாதாரணமா? அது போகிற தெருவில் பிரேதம் எழுந்து உட்கார்ந்து, கொஞ்சம் மெதுவாய் அடிங்கப்பா என்று கேட்காததுதான் பாக்கி.

"அதை எடுத்துப் போடுங்க. வளவி போடுத நேரத்துல எழவுக் கொட்டா? புள்ளைக்கு ஆவாது," என்றாள் ஜெயக்கொடி.

"அப்ப படத்தையும் சேத்து வெட்டணும் அண்ணாச்சியம்மா."

"படத்தையா? நான் வளவி போடுத இடம்லா அது! எம் மொகம் இருக்கணும், கொட்டு இருக்கக் கூடாது."

ரமாபாய் மேளத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மௌனத்தை வைத்தாள். படத்தில் ஜெயக்கொடியும் மற்ற பெண்களும் சத்தமே இல்லாமல் வாயை அசைத்தார்கள். ஜெயக்கொடி அலறிவிட்டாள்.

"ஐயோ! என்னத்தம்மா செஞ்சீய? எல்லாரும் பேயி மாதிரி வாயத் தொறந்து தொறந்து மூடுதாவளே! நல்ல காரியத்துல மௌனம் ஆவவே ஆவாது. பொறவு வர்ற பாட்டை இழுத்து இங்கன போடுங்க."

"இழுத்தா கடைசி வரிக்கும் நகந்துரும்."

"நகந்தா நகரட்டும். பாட்டுத்தான, எங்க இருந்தா என்ன?"

உண்மையில், அதற்குப் பிறகு யாருடைய வாயும் பக்கத்தில் தெரியவில்லை. டேப்பில் பாட்டு ஓடுகிறது, தூரத்தில் பெண்கள் வரிசையாக வந்து வளையல் போடுகிறார்கள், அவ்வளவுதான். ரமாபாய் இழுத்துப் போட்டாள். ஒரு சினிமாப் பாட்டில் பாதி நீளத்துக்குச் சத்தமெல்லாம் முன்னால் வந்தது. கடைசியில் புகை வருகிற காட்சியையும் எடுத்துவிடலாமா என்று கேட்டாள்.

"அது கெடக்கட்டும். புகைக்குள்ள இருந்து மருமகளை நான் இழுத்துட்டு ஓடுத இடம் அது. ஊரு பாக்கட்டும்."

ஊர் பார்த்தது. டிவிடி வீட்டுக்கு வீடு போனது. கேபிள்காரன் ஒரு மத்தியானம் அதை ஊருக்கே போட்டுக் காட்டினான். மூன்றாவது வீட்டில் யாரோ திடுக்கிட்டுக் கத்தினார்கள், சைரன் முதலில் கேட்கிறது, புகை அப்புறம்தான் வருகிறது என்று. அவ்வளவுதான், பாரி வீட்டு வாசலில் தேர் நிலைக்கு வந்த கூட்டம். அன்றைக்கு மொட்டைமாடியில் இருந்தவர்கள்கூட, டிவிடியைப் பார்த்த பிறகு, ஆமாம், சைரன்தான் முதலில் என்று சத்தியம் செய்தார்கள். ரமாபாய் அழுதாள், சிரித்தாள், கேசரி கிண்டினாள். வெட்டியது தன் கைதான் என்பது அந்த ஆனந்தத்தில் அவள் தலையை எட்டவே இல்லை. புதிதாக ஒரு காப்பி போட்டு, பாரியின் சட்டைப் பையில் அவளே வைத்து விசாரணைக்கு அனுப்பினாள்.

பாரி திரும்பி வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"இன்னாடா? பாத்தாங்களா?"

"ரெண்டு வாட்டி போட்டுப் பாத்தாங்க யக்கா. அந்த விசாரண ஆபீசர் மாரியப்பன் சிரிச்சான்."

"சிரிச்சா நல்லதுதான?"

"'சைரன் முதல்ல ஊதுது, புகை அப்புறம் வருது. சரிதாம்ப்பா. கேஸ் லீக் ஆகறதுக்கு முன்னாடியே லீக் ஆகப்போகுதுன்னு உனக்கு யார் சொன்னது?'ன்னு கேட்டான்."

ரமாபாய்க்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவனுக்கென்று எடுத்த கேசரியை மூடி வைத்தாள்.

"நாந்தான் வால்வைத் தொறந்து வுட்டுட்டு, மனசு கேக்காம சைரனும் ஊதிட்டேனாம். நாச வேலையாம். முன்ன தூங்குமூஞ்சின்னானுங்க, இப்ப கொலகாரன்னு சொல்றானுங்க. வெள்ளிக்கெழம வரிக்கும் டைம் குட்த்துகிறான். அப்பால பைலு போலீசுக்குப் போவுதாம்."

அவன் தன் வீட்டுக்குப் போன பிறகு ரமாபாய் அந்த டிவிடியைப் போட்டுப் பார்த்தாள். பலமுறை பார்த்த படம்தான். ஆனால் தனியாக உட்கார்ந்து கடைசிவரை பார்த்தது இப்போதுதான். சைரன் அலறுகிறது. மொட்டைமாடியில் ஒரு தலைகூடத் திரும்பவில்லை. ராமசெல்வி கையை நீட்டிச் சிரிக்கிறாள். யாரோ அவள் கன்னத்தில் சந்தனம் பூசுகிறார்கள். அலறலுக்கு நடுவே சாவகாசமாக வளையல் ஏறுகிறது. பிறகுதான், அவர்களுக்குப் பின்னால், தொட்டி உச்சியில் வெள்ளை முளைக்கிறது. பெண்கள் எழுகிறார்கள், தாம்பாளம் கவிழ்கிறது, ஓடுகிறார்கள். அந்த இடத்தில் சத்தமே இல்லை. அத்தனை வாய்களும் திறந்திருக்கின்றன, ஒன்றிலிருந்தும் எதுவும் வரவில்லை. புகை பட்டு மைக் அடைத்துக்கொண்டது என்று ஊர் சொல்லியிருந்தது. அவளும் தலையாட்டியிருந்தாள்.

மைக் அடைக்கவில்லை. நடுவில் வைக்கக் கூடாது என்று ஜெயக்கொடி விரட்டிய மௌனம் எங்கேயும் போகவில்லை, கடைசியில் போய் உட்கார்ந்துகொண்டு ரமாபாயின் தம்பிக்காகக் காத்திருந்தது.

வெட்டாத டிவிடி வேண்டும். அது ஒன்றுதான் வழி. கம்ப்யூட்டருக்குள் இருந்ததையெல்லாம், மேளச் சத்தம் இன்னும் அந்தப் பெட்டிக்குள் இருந்தால் ஆகாது என்று ஜெயக்கொடி பக்கத்தில் நின்று அழிக்கச் செய்திருந்தாள், அதன் குப்பைத் தொட்டியைக்கூட விடவில்லை. ரமாபாய் செருப்பு மாட்டாமல் கடைக்கு ஓடினாள்.

"அண்ணாச்சியம்மா, அந்த முதல் டிவிடி எங்க?"

"அதா? அதை வீட்ல வைக்க முடியுமா? புள்ளத்தாச்சி இருக்குத வீடு," என்றாள் ஜெயக்கொடி, பருப்பு அளந்துகொண்டே. "மருமகளை உக்கார வச்சு அதையே தலையைச் சுத்திக் கண்ணேறு கழிச்சு, ரெண்டா ஒடிச்சு, கல்லைக் கட்டி எண்ணூர் ஆத்துல போட்டாச்சு. நெருப்புல போடலாம்னு பாத்தேன், நாறுமாம்லா."

மிளகாய், உப்பு, பூசணிக்காய் கொண்டு கண்ணேறு கழிப்பதை உலகம் பார்த்திருக்கிறது. டிவிடியால் கழித்தவள் ஜெயக்கொடி ஒருத்திதான். வேறு நாளாயிருந்தால் ரமாபாய் இதைச் சொல்லிச் சொல்லி மாதக்கணக்கில் சிரித்திருப்பாள். இப்போது மளிகை மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். விஷயம் தெரிந்ததும் ஜெயக்கொடியின் கையிலிருந்த படி நின்றது.

"நான் வந்து சொல்லுதேம்மா. எங்க வேணாலும் சொல்லுதேன், நான்தான் வெட்டச் சொன்னேம்னு."

"வாயால சொன்னா நம்பமாட்டானுங்க. ஒரு தபா வெட்டின கை, இப்ப மாத்திப் பேசுதுன்னுவானுங்க."

திரும்பி வரும்போதுதான் அவளுக்கு அது தோன்றியது. வளைகாப்பை மட்டுமா எடுக்கிறார்கள் இந்த ஊரில்? சாவையும்தான் எடுக்கிறார்கள். வெளியூரிலிருந்து வர முடியாத சொந்தம் பார்க்க வேண்டாமா? துரையின் ஊர்வலம் அந்த மேளத்தோடு தெருவைக் கடந்து, கம்பெனி மதில் ஓரமாகத்தானே சுடுகாட்டுக்குப் போயிருக்கும்?

துரையின் மனைவி சொக்கம்மாள் வாசற்படியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ரமாபாயைப் பார்த்ததும் முறத்தை நிறுத்தவில்லை.

"இன்னாத்துக்கு வந்துகிற? எம் புருசனுக்கு அட்ச்ச மோளம் கலீஜுன்னு வெட்டிக் கடாசினியாமே. அண்ணாச்சி வூட்டம்மா கடை கடையா பெருமயா சொல்லிச்சு."

இன்னும் நாலு கேட்க வேண்டியதுதான் என்று ரமாபாய் நின்றாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள். சொல்லி முடிக்கிறவரை முறம் ஓடிக்கொண்டே இருந்தது.

"டிவிடி கீது," என்றாள் சொக்கம்மாள். "கொய்ந்தனாரு பகலவன் எட்த்தது. ஆனா குடுக்கமாட்டேன்."

"சொக்கம்மா, எந்தம்பியப் போலீசு..."

"உந்தம்பி நல்லவன். எனக்குத் தெரியாதா? எங்க வூட்டுக்காரரு ஆசுபத்திரில கெடந்தப்ப ரத்தம் குட்த்தவன் அவன். அதுக்கில்ல." முறம் இப்போது நின்றது. "அதுல இன்னா கீதுன்னு தெரியுமா உனுக்கு? பொக வந்ததும் பாடைய நடு ரோட்ல வச்சிட்டு அத்தினி பேரும் ஓடிட்டாங்க. தூக்கினவன் ஓடிட்டான், மோளம் அட்ச்சவன் ஓடிட்டான், பெத்த புள்ள ஓடிட்டான். பகலவன் கேமராவ ஷேர் ஆட்டோ மேல வச்சிட்டு ஓடிட்டான். அது பாட்டுக்கு எட்த்துகினே கீது, அவரு மட்டும் தனியா படுத்துகினு கீறாரு. நானுந்தான் ஓடினேன். இருவத்தஞ்சு வருசம் குடும்பம் பண்ண மனுசன வுட்டுட்டு ஓடினேன். அத்தக் கம்பெனிக்காரன் குந்திகினு பாக்கணுமா?"

எதற்கும் ஒன்றைப் பத்தாக்கிச் சொல்லும் ரமாபாயின் வாய், அன்றைக்கு ஒன்றைக்கூட ஒன்றாகச் சொல்ல முடியாமல் நின்றது. அவள் படியிறங்கினாள்.

"இரு," என்றாள் சொக்கம்மாள். உள்ளே போய் மஞ்சள் பையில் சுற்றிய டிவிடியோடு வந்தாள். "ஒரு பொட்டுகூட வெட்டக் கூடாது. மோளத்தையும் வெட்டக் கூடாது, நான் ஓடினதையும் வெட்டக் கூடாது. பாக்கறவன் முழுசா பாக்கணும். சரின்னா எட்த்துனு போ."

வெள்ளிக்கிழமை காலை, கம்பெனியின் குளிரூட்டிய அறையில் மாரியப்பன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மேலாளர்கள் இருவர். பாரியை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். ரமாபாய் முதலில் தான் செய்ததைச் சொன்னாள், எந்த இடத்தில் வெட்டினாள், எவ்வளவு நகர்ந்தது, கடைசியில் ஏன் சத்தமில்லை, சைரனுக்கு மொட்டைமாடியில் ஏன் ஒரு தலைகூடத் திரும்பவில்லை என்று. ஜெயக்கொடியும் வந்து சாட்சி சொன்னாள்.

"நேத்து வரைக்கும் அந்த டிவிடி நிஜம், இன்னைக்கு இது நிஜமா?" என்றார் மாரியப்பன். "மொட்டைமாடியில அத்தனை பேர் திரும்பலைன்னா என்னம்மா? ஷிப்டுக்கு ஷிப்ட் ஊதறோம். இந்த ஊர்ல சைரனுக்கு எவன் திரும்பறான்? சரி, இதுல சத்தம் நகரலைன்னு எப்படி நம்பறது?"

"என்ன நம்பாதீங்க சார். குச்சியப் பாருங்க."

படம் ஓடியது. மேளக்காரர்கள் முன்னால் ஆடிவருகிறார்கள். குச்சி தோலில் விழுகிறது, அதே நொடி அறைக்குள் இடி விழுகிறது. குச்சி உயர்கிறது, சத்தம் இல்லை. விழுகிறது, இடி. மாரியப்பன் முன்னால் குனிந்து பார்த்தார். ஒரு மேலாளரின் விரல் அவரை அறியாமலே மேஜையில் தாளம் போட்டு, சட்டென்று நின்றது. திரையில் மேளக்காரர்களின் தலைக்கு மேலே, மதிலுக்கு அப்பால், தொட்டி உச்சியில் வெள்ளை முளைத்தது. யாரும் கவனிக்கவில்லை. குச்சி விழுந்துகொண்டே இருந்தது. ஓரமாய்ப் போன ஒருவன் நிமிர்ந்து கையைக் காட்டினான். ஒரு மேளம் நின்றது, இன்னொன்று நின்றது. அந்த அமைதிக்குள் சைரன் ஏறியது.

அவ்வளவுதான். தூங்கி எழுந்தவன் ஊதிய சைரனும் இல்லை, முன்னமே தெரிந்தவன் ஊதியதும் இல்லை. ஒருவர் புகையைப் பார்த்து, ஓடி, போனை எடுத்துச் சொல்லி, மறுமுனையில் இருந்தவன் பொத்தானை அழுத்த எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம்.

மாரியப்பன் ரிமோட்டை எடுத்தார்.

"சார், நிறுத்தக் கூடாது," என்றாள் ரமாபாய். "அவங்க வீட்ல வாக்கு குடுத்துட்டு எடுத்தாந்தேன். முழுசா பாக்கணும்."

அவர் என்ன நினைத்தாரோ, ரிமோட்டைக் கீழே வைத்தார். எல்லாரும் ஓடினார்கள். வெறும் ரோடு. நடுவில் பாடை. சாமந்தி மாலைகளுக்கு மேல் புகை மெல்ல வந்து படிந்தது, துரையின் முகத்தை மூடியது. சைரன் மட்டும் கத்திக்கொண்டிருந்தது. ஜெயக்கொடி தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. வெகுநேரம் கழித்து, ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு ஒரு பெண் புகைக்குள்ளிருந்து திரும்பி வந்தாள். பாடையின் தலைமாட்டில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்துக்கு விசிறத் தொடங்கினாள். தான் திரும்பி வந்ததைச் சொக்கம்மாள் சொல்லவே இல்லை.

"ஆபரேட்டர் மேல தப்பில்லைன்னு எழுதிடறேன்," என்றார் மாரியப்பன்.

வெளியே பாரி பெஞ்சிலிருந்து எழுந்தான். அக்காளின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, அவள் தோளில் தலையை வைத்துச் சின்னப் பையன் மாதிரி குலுங்கினான். உள்ளேயிருந்து ஒரு ஆள் வந்து, இரண்டாவது ஷிப்டுக்கு ஆள் குறைவு, இன்றைக்கே டூட்டியில் சேர்ந்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

"பாத்தியா யக்கா! இன்னிக்கே!" பாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

ரமாபாய் நிமிர்ந்து பார்த்தாள். சைரன் ரூமின் கூரைக்குப் பின்னால் அந்தத் தொட்டி, வெயிலில் வெள்ளையாக, வானத்தைப் பாதி மறைத்துக்கொண்டு நின்றது. இவ்வளவு பக்கத்தில் அவள் அதைப் பார்த்ததில்லை.

"லீக்கான அந்த வால்வ மாத்திட்டானுங்களாடா?"

"மாத்துவாங்களாம் யக்கா," என்று சொல்லிக்கொண்டே பாரி சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினான்.